ஒன்றாம் கியர்

இரண்டாம் கியருக்கு மாற்றவேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது என்று செங்கமலத்துக்குத் தெரியும், அவளுடைய இடது காலுக்குத்தான் தெரியவில்லை. கிளச்சைத் தொடமாட்டேன் என்று அது பாட்டுக்குக் கிடக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது தொட்டிலில் வந்த பழக்கமில்லை, முப்பத்திரண்டு வயதுக்குமேல் வந்தது, ஆனாலும் சுடுகாடு மட்டும் வரும் போலிருக்கிறது. ஹரித்ராநதிக் குளத்தின் கீழ்கரை இது, மன்னார்குடியில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் இந்தக் குளத்தின் நாலு கரையும் சுற்றாமல் முடியாது, முன்னால் நாகஸ்வரமும் தவிலும் நடந்துபோக, பின்னால் இந்தத் திறந்த கார் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு நடந்துபோகும், ஆமாம், நடந்துதான், ஓடினால் தவில்காரர் முதுகில் அல்லவா ஏறிவிடும். இன்றைக்கு மேளம் இல்லை, காலை ஒன்பதரை மணி வெயிலும் ஒரு தண்ணீர் லாரியின் பின்புறமும்தான் முன்னால் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளையும் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வண்டி வாங்க வந்திருக்கும் கிரிதரன், நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும், பழைய கார்களைச் சேர்த்துவைத்துக் கண்காட்சிக்கு அனுப்புகிறவர். பழகின கை ஓட்டும்போது முதலில் காதால் கேட்கவேண்டும், அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன் என்று சொல்லி அவளையே குளத்தை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார், அந்த ஒரு பேச்சிலேயே இவர் வண்டி தெரிந்த ஆள் என்று புரிந்துவிட்டது, புரிந்ததும் பயமும் வந்துவிட்டது. பின் சீட்டில் திருச்சி டாமினிக், தரகர், மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது வலது பக்கத்தைத்தான் நினைக்க வேண்டும். வலது பக்கம் குளம், குளத்தின் கைப்பிடிச் சுவர், சுவருக்கும் இந்த வண்டிக்கும் நடுவே எதிரில் வருகிற வண்டிகள், இத்தனையும் அங்கே இருப்பது அவளுக்கு நினைவில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. வலது கண் போய் ஏழு மாதம். கண்ணுக்குள் அழுத்தமாம், தஞ்சாவூர் டாக்டர் சொன்னார், இரத்த அழுத்தம் கேள்விப்பட்டிருக்கிறோம், கண்ணுக்கு என்ன அழுத்தம், எதைப் பார்த்து அது இப்படி அழுந்திப்போனது, இனி ஸ்டியரிங்கைத் தொடாதீங்கம்மா என்றார். அவளும் இன்றைக்குவரை தொடவில்லை. வண்டியை விற்பது என்று முடிவு செய்ததே அதனால்தான், நின்ற வண்டி துருப்பிடிக்கும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவளால் ஆகாது. ஆனால் கண் போன கதையை டாமினிக்குக்குக்கூடச் சொல்லவில்லை. ஹாரன், வலதில், ஸ்கூட்டர், போய்விட்டது. நடை வேகத்தில் போனால் யார் மேலும் ஏற்ற மாட்டோம். கால் கிளச்சைத் தொடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தென்கரைக்குத் திரும்பும் முனையில் கிரிதரன் கம்பெனிக் கதையை எடுத்தார். ஸ்டூடிபேக்கர். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, முன்மூக்கு விமானத்தின் மூக்குபோலக் கூராக நீட்டிக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் இது ஏரோப்பிளேன் கார்தான். ஐம்பதாம் வருஷத்து வண்டி, சாம்பியன் என்று பெயர், கூரை மடித்துப் போடுகிற மாதிரி கொஞ்சம்தான் செய்தார்கள் என்றார். அமெரிக்காவில் அண்ணன் தம்பி ஐந்து பேராம், கொல்லுப்பட்டறைக்காரர்கள், மூத்தவர்கள் இருவர் பட்டறை போட்டுக் குதிரை வண்டி செய்தார்களாம். இன்னொரு தம்பி கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப்போனவன், போன இடத்தில் மண்ணைத் தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து கொடுத்துச் சம்பாதித்து ஊர் திரும்பித் தொழிலில் சேர்ந்தானாம். அப்புறம் பட்டாளத்துக்கு வண்டி, அப்புறம் பேட்டரியில் ஓடும் கார், அப்புறம் பெட்ரோல் கார், நூறு வருஷத்துக்கு மேல் நடந்து அறுபதுகளில் மூடிப்போன கம்பெனி. அவருக்குத் தள்ளுவண்டி ஜானின்னே பேருங்க, அந்தப் பேரை அவரு மறைக்கவே இல்லைங்க, அத்தனை பெரிய முதலாளி ஆனப்புறமும் அதுதான் பேரு, அதுதாங்க பாரம்பரியம்ங்கறது என்று சொல்லிவிட்டு டேஷ்போர்டை ஒரு தடவு தடவினார். செங்கமலம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஆக, ஆசாரிகள். நம் ஊர் பட்டறைத் தெருவில் நெருப்பூதுகிறவர்கள் மாதிரி ஆட்கள். எங்கேயோ மண்ணள்ளத் தள்ளுவண்டி செய்தவன் பெயர் ஏழு கடல் தாண்டிக் கோயம்புத்தூர்க்காரர் வாயில் இனிக்கிறது, இதே வண்டியின் வயிற்றுக்குக் கீழே படுத்துக் கிடந்து படுத்துக் கிடந்தே முதுகு மரத்துப்போன அப்பா சிங்காரவேலு பெயர் மட்டும் ஆகாதாம். பின் சீட்டில் இருக்கிறதே அந்தக் காகிதம், நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும், அதில் டாமினிக் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பது என்ன, ஒரு சமஸ்தானத்து இளவரசர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார், வாடகைக்கு ஓடாதது, விசுவாசமான அரண்மனை வேலைக்காரனுக்கு அவர் கடைசியில் பரிசாகக் கொடுத்தது. முந்தாநாள் அவன் அதைத் தமிழில் சொல்லிக்காட்டி, நீங்க ஒண்ணும் பேசவேணாங்க்கா, ஆமான்னு தலையாட்டி ஒரு கையெழுத்துப் போட்டா போதும், கல்யாண வாடகை வண்டின்னு தெரிஞ்சா அவரு திரும்பிப் பார்க்க மாட்டாரு என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவன் பூசணிக்காயை இங்கிலீஷில் மறைக்கிறான். கண்காட்சியில் வண்டிக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு நிறுத்துவார்களாம். வேலைக்காரன், பரிசு. அவள் முந்தாநாள் ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

பரிசா கொடுத்தார்கள் அப்பாவுக்கு. நீடாமங்கலத்து ரைஸ்மில்லில் உமிக் குவியலுக்குள் மூக்கு மட்டும் தெரிய இது புதைந்து கிடந்தது, மில் முதலாளிக்கு அது அடைசல், மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரு வருஷம் சம்பளம் வாங்காமல் உழைத்து அதை வெளியே இழுத்தார், அந்த வருஷம் வீட்டில் என்ன தின்றோம் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். மாட்டுவண்டியில் கட்டி மன்னார்குடிக்கு இழுத்துவந்தார்களாம், இரண்டு மாடு அமெரிக்கக் காரை இழுக்கிறதைப் பார்க்க வழியெல்லாம் கூட்டமாம். தள்ளுவண்டி ஜானி பார்த்திருந்தால் சிரித்திருப்பான், சந்தோஷமாகத்தான் சிரித்திருப்பான். உமியைத் தட்டி, பிஸ்டனைக் கழுவி, இல்லாத சாமானுக்கு லாரிச் சாமானை அராவிப் போட்டு, கூரைத் துணி மக்கிப்போனதைப் பிய்த்தெறிந்தார், மாப்பிள்ளை அழைப்புக்குக் கூரை எதற்கு, ஊர் பார்க்கத்தானே ஊர்வலம். ஆனால் வேகமாக ஓடுவதற்காகச் செய்த எஞ்சினை நடக்க வைப்பது லேசில்லை. காற்று அடிக்காமல் கொதித்துவிடும், நாலு கரைக்கு எட்டு இடத்தில் நிறுத்தி ஆரத்தி எடுப்பார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் பம்பு சூடேறிப் பெட்ரோல் ஏறாமல் எஞ்சின் செத்துப்போகும். அப்பா பம்பின் மேல் ஈரக் கந்தை சுற்றுவார், பானெட்டை ஒரு விரல்கடை திறந்தபடி கட்டிவைப்பார், காலடியில் பால் கேனில் தண்ணீர். நாகஸ்வரக்காரர் ஆலாபனையில் இறங்கிவிட்டால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், பல்லவிக்கு வரும்போது உயிர் கொடுக்க வேண்டும், அது தெரியாதவன் இந்த வண்டியை ஓட்டக் கூடாது என்பார். அவளுக்கு அது தெரிந்தது. தொண்ணூற்று மூன்றில் ஐப்பசியில் செல்லப்பா போனான், அவள் புருஷன், பஸ் கண்டக்டர், நாலு நாள் காய்ச்சல், தையில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தது, அதே தையில் மூன்று மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வருகிறதென்று பாக்கு மாற்றி முன்பணமும் வாங்கியாகிவிட்டது. யார் ஓட்டுவது. அவள் ஓட்டினாள். நெற்றியில் பொட்டு இருந்தது, அழிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, மாப்பிள்ளைக்குத்தான் கோத்திரம் கேட்பார்கள், டிரைவருக்கு யார் கேட்டார்கள். இதோ, மேல்கரை வந்துவிட்டது, இதே மேல்கரையில்தான், இந்த மருந்துக்கடை அப்போது சைக்கிள் கடை, பெண்ணுக்குச் சித்தப்பா, திருவாரூர்க்காரர், யாரோ காதில் ஓதியதில், ஊர்வாயை மூட உலைமூடி ஏது, ஓடிவந்து பானெட்டில் தட்டினார், இறங்குடி கீழே, தாலியறுத்தவ ஓட்டுற வண்டியிலயா எங்க மாப்பிள்ளை வரணும் என்றார். மேளம் நின்றுவிட்டது. அவ்வளவு பேர் பார்த்தார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவேண்டாம், நன்றாகவே பயமாக இருந்தது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இறங்குறேன், ஆனா சாவியும் என்னோடதான் இறங்கும் என்றாள். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. பின் சீட்டில் மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்த பையன், பாங்கில் குமாஸ்தா, சித்தப்பாவைப் பார்க்காமல் அவள் முதுகைப் பார்த்து, நீங்க எடுங்கக்கா, நேரமாகுது என்றான். எடுத்தாள். அந்தப் பையனுக்கு இப்போது பேரன் இருக்கிறான், அதை அவள் விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

ஏன் விசாரிக்க வேண்டும். இங்கேதான் வந்து முட்டும் எப்போதும். தைரியமாக ஓட்டினவள் எதற்கு ஒவ்வொரு மாப்பிள்ளையும் உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்க வேண்டும். எவன் நன்றாக இருக்கிறான், எவனுக்குப் பிள்ளை இல்லை, எவன் குடிக்கிறான், காய்கறிக் கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் பிராகாரத்தில், காதைத் தீட்டி வைத்துக்கொண்டு. தொண்ணூற்றாறு ஆவணியில் வடகரை வசுமதியைக் கட்டினவன், நல்ல சிவப்பு, வண்டியில் ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினான், ஒன்பது மாதத்தில் போய்விட்டான். சொன்னேனா இல்லையா என்று திருவாரூர்ச் சித்தப்பா மாதிரி நூறு சித்தப்பாக்கள் கிளம்பினார்கள். இரண்டு வருஷம் யாரும் பாக்கு மாற்றவில்லை. அவள் வண்டிக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சொன்னது வலிக்கவில்லை, அவளுக்கே அப்படித் தோன்றியதே, அதுதான் வலித்தது, என் நிழல்தான் பட்டதோ, இறங்கியிருக்கலாமோ, சாவியைக் கொடுத்திருக்கலாமோ, தாயாரே செங்கமலவல்லி என் பெயரையும் வைத்துக்கொண்டு இதென்ன செய்தாய் என்று. வலதில் ஏதோ பெரிதாக வருகிறது, பஸ், சத்தம் கனமாக இருக்கிறது, இடது ஓரம், இன்னும் இடது, டயர் மண்ணில் இறங்குகிறது, சரி, சரி, போய்விட்டது. வேர்த்துவிட்டது. கிரிதரன் தலையைச் சாய்த்து எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வசுமதிதான் ஒருநாள் தானாகவே ஷெட்டுக்கு வந்தாள், வெறும் கழுத்தோடு, இருபத்தோரு வயதுப் பெண். காமாலைன்னு தெரிஞ்சும் வீட்டோட வெச்சுக் கீழாநெல்லியையே அரைச்சுக் குடுத்தாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் கத்தினேன், கேக்கல, அதுக்கு உங்க கார் என்ன பண்ணும் என்று சொல்லிவிட்டு, நேருக்கு நேராக அவள் முகத்தைப் பார்த்து, நீங்க ஒளிஞ்சு உக்காந்தீங்கன்னா அவங்க சொல்றது நெசம்னு ஆயிடும் என்றாள். மறுநாள் செங்கமலம் வண்டியைக் கழுவி, பூ சுற்றி, பின்னால் யாரும் இல்லாமலே, மேளம் இல்லாமலே, நாலு கரையும் ஒரு சுற்று வந்தாள். பார்க்கட்டும் என்றுதான் வந்தாள். பார்த்தார்கள். அடுத்த தையிலேயே ஆள் வந்தது, தாலியறுத்தவள் ஓட்டினாலும் வேறு திறந்த கார் ஊரில் ஏது. இத்தனை செய்தவள் முந்தாநாள் ஏன் தலையாட்டினாள் என்பது இப்போது அவளுக்கே விளங்கவில்லை. கண் போனதும் கொஞ்சம் புத்தியும் பயந்துவிட்டது போலிருக்கிறது.

வடகரையில் ஏறியதும் கிரிதரன் கையை உயர்த்தி, ஒரு நிமிசம் அப்படியே போங்கம்மா என்றார். காதை வைத்துக் கேட்டார். கீழேயிருந்து ஒரு முனகல், ஒன்றாம் கியரின் பற்கள் தேய்ந்துபோய் ஒன்றையொன்று உரசுகிற முனகல், அவளுக்கு அது மூச்சுச் சத்தம் மாதிரி, இருப்பதே காதில் விழாது.

"இந்த ஒண்ணாவது கியர் மட்டும் ஏனுங்க இப்படித் தேஞ்சு கெடக்குது? காலைல ஷெட்டுல கியர்பாக்ஸ் மூடியத் தெறந்து தடவிப் பார்த்தேன், மத்ததெல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்க. இளவரசர் வண்டி ஓட்டினா மூணாவது கியர்தானுங்களே தேயணும்?"

டாமினிக் பின்னாலிருந்து முந்திக்கொண்டான். இளவரசருக்கு மெதுவாகப் போவதுதான் பிடிக்குமாம், தோட்டத்துக்குள்ளேயே பூப்பார்த்துக்கொண்டு போவாராம். செங்கமலம் பிரேக்கை மிதித்தாள். நடு ரோட்டில் இல்லை, இடது ஓரமாகத்தான், குளப்படிக்கட்டுக்கு எதிரே. எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படிக்கட்டில் துணி துவைக்கிற பெண்களின் அடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இளவரசரும் இல்ல, தோட்டமும் இல்ல தம்பி. இது மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போன வண்டி. எங்கப்பா சிங்காரவேலு, மில் லாரி டிரைவர், உமிக்குள்ளேருந்து தோண்டி எடுத்தாரு. இருபத்தஞ்சு வருஷம் அவரு ஓட்டினாரு, அப்புறம் நான் ஓட்டினேன். இந்த நாலு கரையில ஒண்ணாவது கியர தவிர வேற போட்டதில்ல. அந்தக் காகிதத்துல இருக்கறது அத்தனையும் பொய்."

டாமினிக், அக்கா, அக்கா என்றான், கெட்டுச்சு எல்லாம் என்றான். கிரிதரன் பின்னால் திரும்பி டாமினிக் மடியிலிருந்த உறையைப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதில் கோபமில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கண்காட்சியில் பக்கத்தில் நிற்பதெல்லாம் ராஜா வண்டி, ஜமீன் வண்டி, வாடகை வண்டி என்றால் நடுவர்கள் ஒரு படி கீழேதான் வைப்பார்கள், நீங்கள் சொல்வது எனக்குத் தெரிந்தால் போதாதா, காகிதம் பாட்டுக்கு இருக்கட்டுமே, வண்டியை நான் நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்றார். நன்றாக வைத்துக்கொள்வார், அது அவளுக்குத் தெரிந்தது. இன்னொருத்தர் இப்படி வருவார் என்பது நிச்சயமில்லை. தலையாட்டினால் வண்டி பிழைக்கும். ஆட்டாவிட்டால் கோணியை விரித்துத் துருவைப் பார்க்கலாம், அதுவும் ஒரு கண்ணால். இடுப்பில் செருகின சாவியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தள்ளுவண்டி செஞ்சவர உங்க சபையில ஒரு படி கீழயா வெச்சாங்க? அவரு பேரு இனிக்குது, எங்கப்பன் பேரு கசக்குதா? உள்ளத எழுதினாத்தான் வண்டி. இல்லேன்னா இறங்கிக்குங்க, ஷெட்டுக்கு நடக்கற தூரந்தான்."

"ஆதாரம் கேப்பாங்களேம்மா."

"இந்த ஊர்ல எந்தக் கல்யாண ஆல்பத்த வேணாப் புரட்டிப் பாருங்க. மாப்பிள்ளை முகம் முழுசா இருக்கும், ஓரத்துல ஒரு முழங்கை இருக்கும். அது என்னுது. அதுவும் பத்தாதுன்னா பல்லு தேஞ்சு கெடக்கே, நீங்களே காதால கேட்டீங்களே, அத விடவா ஆதாரம்?"

கிரிதரன் சிரித்தார், முதல் தடவையாக. பின்னால் கை நீட்டி உறையை வாங்கினார். டாமினிக் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தான். ஆங்கிலத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு, அப்புறம் தாளைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டு, தமிழிலேயே, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ரைஸ்மில். உமி. ஒரு வருஷச் சம்பளம். மாடு கட்டி இழுத்தது. சிங்காரவேலு, டிரைவர். மகள் செங்கமலம் என்று எழுதி, உங்க பேருக்கு நேரா என்ன போடறதுங்க, உரிமையாளர்னுங்களா என்றார். டிரைவர்னு போடுங்க என்றாள். போட்டார். மூடியைப் பேனாவில் மாட்டப்போனார்.

"இன்னும் இருக்கு. புருஷன் செத்த மூணாம் மாசத்துலேருந்து ஓட்டினாள்னு எழுதுங்க. இந்த ஊரு மாப்பிள்ளைங்கள எல்லாம் மணவறைக்குக் கூட்டிட்டுப் போனது ஒரு தாலியறுத்தவதான்னு எழுதுங்க."

பேனா நின்றது. "அம்மா, அது வேண்டாமேங்க. நாலு பேரு படிக்கறது."

"அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

எழுதினார். அந்தச் சொல்லை அப்படியே எழுதினார், மழுப்பவில்லை. கையெழுத்துக்காக நீட்டிய தாளை அவள் முகத்தை வலப்புறம் திருப்பி, இடது கண்ணுக்கு நேரே, மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் அவருக்கு ஏதோ பட்டது. அவளைப் பார்த்தார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார், பஸ் உரசிக்கொண்டு போன மேல்கரையைப் பார்த்தார்.

"உங்க வலது கண்ணு..."

"தெரியாது. ஏழு மாசமாச்சு. இனிமே நான் தொட மாட்டேன், நீங்கதான் ஓட்டணும். அதையும் எழுதணும்னா எழுதிக்குங்க, கீழ இடம் இருக்கு."

மாதாவே என்று டாமினிக் சீட்டில் சாய்ந்தான். அவள் கையெழுத்துப் போட்டாள், பெரிய எழுத்தாக, கோட்டைத் தாண்டி. தாளைத் திருப்பிக் கொடுத்து, எழுதினதை ஒருதரம் படிங்க, நான் கேக்கணும் என்றாள். கிரிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மெள்ளப் படிக்க ஆரம்பித்தார். படிக்கட்டில் துணி அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். கடை வாசலில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"கூரை இல்லாத வண்டிதானே தம்பி," என்றாள் செங்கமலம். "எழுந்து நின்னு படிங்க."